மறுதேர்வுக் காசு

எங்கள் அண்ணியோடு சினிமாவுக்குப் போவதைப் போல ஓர் இம்சை உலகத்தில் கிடையாது. திரையில் ஒரு கார் கொஞ்சம் வேகமாக வந்துவிட்டால் போதும், அவளுடைய வலது கால் தானாகத் தரையை அழுத்தும். ஒருமுறை முன்வரிசைக்காரர் கீழே வைத்திருந்த காபிக் கோப்பையை அப்படியே மிதித்துவிட்டாள். அவரிடம் அசடு வழிந்து மன்னிப்புக் கேட்டது நான். மாடிப்படியில் யாராவது தடதடவென்று இறங்கினாலும் அந்தக் கால் அழுத்தும். என் அண்ணன் ஏதாவது சொல்லலாம் என்று வாயைத் திறந்தால்கூடச் சில நேரம் அசையும். அவரும் பேச்சை அத்தோடு நிறுத்திக்கொள்வார்.

அவளைச் சொல்லியும் குற்றமில்லை. கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவளின் கால் அது. பயிற்சி வண்டியில் கற்றுக்கொடுக்கிறவர் பக்கமும் ஒரு பிரேக் இருக்கும். இள வயதிலிருந்து அந்த இருக்கையில் உட்கார்ந்து, அடுத்தவர் ஓட்டுகிற வண்டியைத் தன் காலால் நிறுத்தி நிறுத்திப் பழகிவிட்டாள். பல்கலைக்கழக வட்டாரத்தில் அவளுக்கு 'பிரேக் அக்கா' என்றே பெயர். சொந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் அப்படி யாரும் இங்கே இல்லை என்பார்கள்.

எங்கள் பயிற்சிப் பள்ளி பல்கலைக்கழகத்தின் பின்வாசலுக்கு எதிர்வரிசையில் இருக்கிறது. கண்ணாடிக் கதவு போட்ட முன்னறை, சுவரில் சாலைக் குறியீடுகள் அச்சடித்த பெரிய அட்டை, ஒரு கால் ஆடுகிற மேசை, மேசைக்குப் பின்னால் நான். போன் எடுப்பது, தேதி கொடுப்பது, பணம் வாங்குவது, உள்ளே வருகிறவரின் முகத்தைப் பார்த்ததும் இது தேறுமா தேறாதா என்று தீர்ப்பு எழுதுவது, எல்லாம் என் இலாகா. பின்பக்கத்தில் வண்டிகளைப் பழுது பார்க்கிற கொட்டகை அண்ணனுடையது. கிளட்சை எரிப்பதில் பல்கலைக்கழகத்துக்காரர்களை மிஞ்ச ஆளே கிடையாது என்று அவர் ஒருமுறை சொன்னார். அவர் வாழ்நாளில் பேசிய நீளமான வாக்கியம் அதுதான்.

அவர் சொன்னதில் தப்பில்லை. மற்றவர்கள் காலைத் தூக்கு என்றால் தூக்குவார்கள். பேராசிரியர்கள் ஏன் தூக்க வேண்டும் என்று யோசிப்பார்கள். யோசித்து முடிப்பதற்குள் வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி நின்றுவிடும். பின்னால் வருகிறவன் ஹாரனை அடித்துக் காதைக் கிழிப்பான். மேடையேறி மணிக்கணக்கில் முழங்குகிற ஆட்கள் அந்த நேரத்தில் வியர்த்து வழிந்து வெலவெலத்துப்போவதை நான் கண்ணாடிக் கதவு வழியாகவே பார்த்திருக்கிறேன்.

வேறு பயிற்சிக்காரர்கள் இந்த இடத்தில் கத்துவார்கள். அண்ணி கத்தமாட்டாள். அவளுக்கென்று ஒரு வழி உண்டு.

"சார், அத விடுங்க. பாடம் நடத்துறது போக, உங்களுக்குன்னு ஒரு வேலை செய்யணும்னு ஆசை இருக்கும்ல? அது என்னன்னு சொல்லுங்க" என்பாள்.

அவ்வளவுதான். மனிதர் முதலில் தயங்குவார், பிறகு மெல்ல ஆரம்பிப்பார். பேச்சு சூடு பிடிக்கப் பிடிக்கக் கை தானாக வளைக்கும், கால் தானாக கிளட்சை விடும். பயப்பட நேரம் இருக்காது. இப்படியே அந்தப் பல்கலைக்கழகத்தில் பாதிப் பேரின் ஆசைகளை அண்ணி கேட்டிருக்கிறாள். சாயங்காலம் வீட்டுக்கு வந்து, காது கேட்காதவர்களுக்கென்று ஒருவர் நாடகம் எழுத நினைக்கிறாராம், எறும்பு எப்படி வழியை ஞாபகம் வைத்துக்கொள்கிறது என்று ஒரு அம்மா பார்க்கப்போகிறாராம் என்று காய் நறுக்கிக்கொண்டே சொல்வாள். ஒவ்வொரு கதையும் ஒரே இடத்தில்தான் வந்து முடியும். கேட்டாராம், கொடுக்கவில்லையாம். சொல்லிவிட்டு, ஏதோ தன் பிள்ளைக்கு இடம் கிடைக்காததைப் போல முகத்தைத் தொங்கப் போட்டுக்கொள்வாள்.

அவளிடம் இன்னொரு பழக்கமும் உண்டு. அதில்தான் எனக்கும் அவளுக்கும் அடிக்கடி முட்டிக்கொள்ளும். ஓட்டுநர் தேர்வில் தோற்றவர்கள் மறுபடியும் எங்களிடம் பயிற்சிக்கு வருவார்கள். அதற்குத் தனியாக ஒரு கட்டணம். அந்தக் காசை வாங்க அண்ணிக்குக் கை கூசும். தோற்றுப்போய் முகம் செத்து வருகிறவரிடம் எப்படிக் காசு கேட்பது என்பாள். பல்கலைக்கழகத்துக்காரர்களோ ரோஷக்காரர்கள், மேசைமேல் வைத்துவிட்டுத்தான் வண்டியில் ஏறுவார்கள். அதனால் வாங்கிக்கொள்வாள். ஆனால் பள்ளி வருமானத்தோடு சேர்க்காமல் வங்கியில் தனியாகப் போட்டுவிடுவாள். அது நம் சம்பாத்தியம் இல்லை என்று ஒரே பேச்சு. பின்னே யார் சம்பாத்தியம், அவர்கள் வந்து மோதியது நம் சுவரில்தானே என்று நான் கேட்டால் காதில் வாங்கவேமாட்டாள். அந்தக் காசு வருஷக்கணக்கில் வட்டியோடு வளர்ந்து நல்ல தொகையாக உட்கார்ந்திருந்தது. அதில் முன்னறைக்கு ஏ.சி. போட்டு, ஆடாத மேசை ஒன்று வாங்கிவிட வேண்டும் என்று நான் ரகசியமாக ஒரு கோட்டை கட்டியிருந்தேன்.

அந்தக் கோட்டையை இடிக்க வந்து சேர்ந்தார் இசைத்துறை மேடம்.

நடுத்தர வயது, ஒல்லி உடம்பு, கொண்டையில் எப்போதும் ஒரு பென்சில். இது தேறாது என்று பார்த்ததுமே நான் முடிவுகட்டிவிட்டேன். வண்டி நின்றால் அந்த அம்மா வண்டியிடம் மன்னிப்புக் கேட்பார். ஆசை என்னவென்று அண்ணி கேட்டதற்கு முதலில் வாயே திறக்கவில்லை. சொல்லக் கூச்சப்பட்டுக்கொண்டு, பதிலுக்கு மெல்ல முனக ஆரம்பித்திருக்கிறார். ஒரு மெட்டு. பின்வாசலில் கிளம்பிய வண்டி, வங்கியைத் தாண்டி, மருந்துக்கடை முனையில் திரும்பி, ஒரு குலுக்கல் இல்லாமல் வழுக்கிக்கொண்டு போனதாம். தண்ணீர்த் தொட்டி நாற்சந்தி வந்ததும் மெட்டு நின்றது. மெட்டு நின்றதும் வண்டியும் நின்றது.

மறுநாளும் அப்படியே. அதற்கடுத்த நாளும் அப்படியே. தண்ணீர்த் தொட்டிக்கு முன்னால் மெட்டு அறுந்துவிடும், நடு நாற்சந்தியில் வண்டி குலுங்கி நிற்கும், நான்கு பக்கத்திலிருந்தும் வசவு விழும். கடைசியில் அண்ணி அந்த மெட்டையே கற்றுக்கொண்டுவிட்டாள். அறுகிற இடம் வரப்போகிறது என்று தெரிந்தவுடனே தன் பக்கத்து பிரேக்கை மெல்ல அழுத்தி, வண்டி குலுங்காமல் ஓரமாக நிற்கும்படி பார்த்துக்கொண்டாள். அடுப்படியில் அவள் அதை முனகி முனகி எனக்கும் பாடமாகிவிட்டது. அறுகிற இடத்தில் அடுப்புக்கு முன்னாலும் அவளுடைய கால் தரையை அழுத்தும்.

"ஏன் மேடம் எப்பவும் அங்கயே நிறுத்துறீங்க?" என்று அண்ணி ஒருநாள் கேட்டுவிட்டாள்.

"அதுக்கு மேல இல்லக்கா. அதுக்கு மேல எனக்கே இன்னும் கேக்கல" என்றாராம் மேடம்.

பிறகு ஓரமாக நின்ற வண்டியிலேயே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார். காலையில் ஒரு தெரு கண் விழிப்பதைப் பற்றிய பாட்டு அது. கடைக் கதவைத் தூக்குகிறவன், குழாயடியில் குடம் வைக்கிறவள், பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவர், ஒவ்வொருவருக்கும் ஒரு குரல். அந்தக் குரல்கள் தனித்தனியாக வருகிற இடம்வரை அவரால் ஓர் அறைக்குள் உட்கார்ந்து தனியாக அமைக்க முடிந்தது. அத்தனை குரலும் ஒன்றாகச் சேர்கிற இடத்தை அப்படி அமைக்க முடியாது. உயிருள்ள ஆட்கள் எதிரில் நின்று பாட வேண்டும், இவர் கேட்க வேண்டும், கலைக்க வேண்டும், மறுபடி பாட வைக்க வேண்டும். அதற்கு ஒத்திகைக் கூடம் நாள் முழுக்க வேண்டும், வந்து பாடுகிறவர்களுக்கு ஏதாவது கொடுக்க வேண்டும், வகுப்பிலிருந்து சில மாதம் விடுப்பு வேண்டும். பல்கலைக்கழகத்தில் கேட்டிருக்கிறார். வேறு யாராவது செய்த பாட்டைப் பற்றி ஒரு கட்டுரை எழுதுங்கள், அதற்கு உதவுவோம், நீங்களே பாட்டு செய்வதெல்லாம் ஆராய்ச்சியில் சேராது என்று கைவிரித்துவிட்டார்கள். அதோடு, நன்றாக வரும் என்று முன்கூட்டியே உறுதி தர முடியுமா என்றும் கேட்டிருக்கிறார்கள். வருகிற கல்வியாண்டிலிருந்து அவரைத் தேர்வுப் பிரிவுக்கு மாற்றப்போகிறார்கள். அவருடைய ஒத்திகைக் கூடம் விடைத்தாள் கிடங்காகப் போகிறது. அதற்குள் முடிக்காவிட்டால் அந்தப் பாட்டு தண்ணீர்த் தொட்டிக்கு முன்னாலேயே நின்றுபோனதுதான்.

அந்த வாரம் மேடம் ஓட்டுநர் தேர்வுக்குப் போனார். தோற்றார். எங்கே தோற்றார் என்று சொல்லவும் வேண்டுமா? மறுநாள் காலை மறுதேர்வுக் கட்டணத்தை என் மேசைமேல் வைத்துவிட்டு, மேசையிடமும் ஒரு மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனார். அண்ணி அந்த நோட்டுகளை எடுத்து வெகுநேரம் கையிலேயே வைத்திருந்தாள். என் கோட்டையில் முதல் கல் அப்போதே சரிந்தது.

சாப்பிடும்போது விஷயத்தைப் போட்டு உடைத்தாள். மறுதேர்வுக் காசு மொத்தத்தையும் பல்கலைக்கழகத்துக்குக் கொடுக்கப்போகிறாளாம், ஆசிரியர்கள் அவரவர் ஆராய்ச்சியும் கலையும் செய்வதற்கு.

எனக்கு வந்ததே கோபம். ஏ.சி. போனது ஒரு பக்கம் இருக்கட்டும். நம் வீட்டைவிடப் பெரிதாக வாசல் கட்டி வைத்திருக்கிறவர்களுக்கு நாம் கொடுப்பதா? ஏழைப் பிள்ளைகளின் படிப்புக்குக் கொடுத்தாலும் நாலு பேர் நல்ல மனசு என்பார்கள். மாதம் பிறந்தால் சம்பளம் வாங்குகிறவர்களுக்குக் கொடுத்தால் பைத்தியம் என்றுதான் சொல்வார்கள். இப்படியெல்லாம் ஒரு பிடி பிடித்தேன். சோறு ஆறிப்போனதுதான் மிச்சம்.

அண்ணி நிதானமாகக் கேட்டாள். "வண்டியே ஓட்டாதவ ஓட்டக் கத்துக்குடுக்க முடியுமா? நான் தினமும் வண்டி எடுக்கறதாலதான் எனக்குக் கத்துக்குடுக்க வருது. அவங்களும் சொந்தமா எதையாவது எடுத்து ஓட்டிப் பாக்கணும்ல? பிள்ளைங்களுக்கு அப்பறம் எதக் குடுப்பாங்க?"

நான் அண்ணனைப் பார்த்தேன். இந்த வீட்டில் எனக்கென்று ஒரு கூடப்பிறந்தவன் இருக்கிறான் அல்லவா, அவன் கேட்பான் என்று. அவர் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"கிளட்ச் மாத்துனவன் நானே கேக்கல. நீ ஏன் குதிக்கிற?" என்றார்.

அதற்குமேல் பேச என்ன இருக்கிறது. சரி, ஏமாளி அண்ணியின் தலையில் யாரும் மிளகாய் அரைத்துவிடாமல் பார்த்துக்கொள்ளலாம் என்று பல்கலைக்கழகத்தின் நன்கொடை அலுவலகத்துக்கு நானும் கூடவே போனேன்.

அங்கே ஒரு தம்பி. கழுத்துப்பட்டி கட்டி, சிரிப்பை இஸ்திரி போட்டு வைத்திருந்தான். அண்ணி வாயைத் திறப்பதற்குள் வழவழப்பான படங்களை விரித்துவிட்டான். தோட்டத்தில் பெஞ்சு, அதில் உங்கள் பெயர். குடிநீர் இயந்திரம், அதில் உங்கள் பெயர். மாணவர் உதவித்தொகை என்றால் மேடையில் போட்டோ. அண்ணி பொறுமையாகக் கேட்டுவிட்டு, ஆசிரியர்கள் சொந்தமாகச் செய்கிற வேலைக்குத்தான் கொடுப்பேன், அதற்கு இரண்டு நிபந்தனை என்றாள். பல்கலைக்கழகம் ஒருமுறையாவது இல்லை என்று சொன்ன வேலையாக இருக்க வேண்டும். கடைசியில் என்ன வரும் என்று முன்கூட்டியே உறுதி கேட்கக் கூடாது.

தம்பி விழித்தான். ஆசிரியர் வேலையில் போட்டோ எடுக்கிற மாதிரி ஒன்றும் இருக்காதே என்றான். பிறகு, பணம் எந்த வழியில் வந்தது என்று எழுத வேண்டும், அது விதி என்றான்.

"உங்க ஆளுங்க தோத்த காசு தம்பி, அப்படியே எழுதிக்கோங்க" என்றாள் அண்ணி.

அவன் பேனாவை மூடிவைத்துவிட்டு, பெரியம்மாவுக்குப் புரியும்படி சொல்கிறேன் என்கிற தோரணையில் அந்த பெஞ்சுப் படத்தை மறுபடியும் எங்கள் பக்கம் நகர்த்தினான். அங்கேதான் எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. காசைக் கொடுக்கவே கூடாது என்று வீட்டில் குதித்தவள் நான்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் எங்கள் அண்ணியை நான் பேசலாம், கண்டவனும் பெஞ்சைக் காட்டலாமா?

"உக்கார்றதுக்கு எங்க வீட்லயே நாற்காலி இருக்கு. குடுக்கிறத வாங்கிக்கத் தெரியலன்னா வாசல்ல எதுக்கு போர்டு? உனக்கு மேல இருக்கிறவங்களக் கூப்பிடு" என்றேன். அறை முழுக்கக் கேட்கிற மாதிரிதான் சொன்னேன். அன்றிலிருந்து நான் அண்ணி கட்சி.

அடுத்த வாரம் மேலே இருக்கிறவர்கள் கூப்பிட்டார்கள். நீளமான மேசை, ஒரு கோடியில் பதிவாளர், இரண்டு பக்கமும் குழு உறுப்பினர்கள். மறுகோடியில் அண்ணி போய் உட்கார்ந்தாள். உடனே எதிரில் இருந்த அத்தனை பேரும் முதுகை நிமிர்த்தினார்கள். பதிவாளரின் கை தோளுக்குப் போய், அங்கே இல்லாத சீட் பெல்ட்டைத் தேடியது. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. எல்லோரும் எங்கள் பள்ளியில் கற்றவர்கள், எல்லோருமே முதல் தடவை தோற்றவர்கள். பதிவாளர் இடித்த சுவரில் பூசிய சிமெண்டு இன்றைக்கும் வேறு நிறத்தில் தெரியும்.

ஆனாலும் வேலை என்று வந்தால் வேலைதானே. பதிவாளர் மரியாதையாகத்தான் பேசினார். அக்காவின் மனசு பெரிது, ஆனால் பலன் என்னவென்று கேட்காமல் பணத்தைக் கொடுத்தால் நாளைக்கு யார் பதில் சொல்வது, அந்த வேலை தோற்றுப்போனால் என்ன செய்வது என்று கேட்டார். மற்றவர்களும் தலையாட்டினார்கள். காரியம் கெட்டது என்றுதான் நினைத்தேன். மேடத்தின் பாட்டு என் காதுக்குள் தண்ணீர்த் தொட்டிவரை போய் நின்றது.

 அண்ணி அவரைப் பார்த்து வேறொன்று கேட்டாள்.

"சார், ஆத்து மணல் எந்தெந்த மலையிலிருந்து வருதுன்னு ஒரு படம் போடணும்னு சொன்னீங்களே. மருந்துக்கடை முனையில திரும்பறப்ப சொன்னீங்க. போட்டீங்களா?"

 பதிவாளர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"இல்லக்கா."

"ஏன் சார்?"

"என்ன கிடைக்கும்னு முதல்லயே எழுதித் தரச் சொன்னாங்க. அது தெரிஞ்சா நான் ஏன் தேடப்போறேன்? அப்படியே விட்டுப்போச்சு."

 பக்கத்தில் இருந்த ஒரு அம்மா ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது எறும்பு அம்மா என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"நீங்க எல்லாரும் ஒரு தடவ தோத்தீங்க. நான் மறுபடி வண்டி குடுத்தேன், இன்னிக்கு ஓட்டுறீங்க" என்றாள் அண்ணி. "நீங்களும் உங்க ஆளுங்களுக்கு மறுபடி வண்டி குடுங்க. அவ்வளவுதான் சார் நான் கேக்கறது."

குரலை உயர்த்தவே இல்லை.  இப்படி ஒருத்தி எங்கள் வீட்டில் உட்கார்ந்து காய் நறுக்கிக்கொண்டிருக்கிறாளே என்று பெருமையில் நெஞ்சு விம்மியது. பதிவாளர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, இரண்டு நிபந்தனைகளையும் தன் கையாலேயே எழுதிக் குழுவிடம் ஒப்புதல் வாங்கினார். கொடுக்கிறவர் இன்னாருக்கு என்று கைகாட்டக் கூடாது, அதை மட்டும் மாற்ற முடியாது என்றார். தான் யார் பெயரையும் சொல்லமாட்டேன் என்றாள் அண்ணி. சொல்லவும் இல்லை.

அவள் சொல்லமாட்டாள் சரி, மேடமாவது விண்ணப்பிக்க வேண்டாமா? அறிவிப்பு வந்து நாளாகியும் அந்த அம்மா விண்ணப்பிக்கவில்லை என்று வகுப்புக்கு வந்த வேறொரு ஆசிரியர் வழியாகத் தெரிந்தது. மறுபடியும் இல்லை என்று சொல்லிவிடுவார்களோ என்று பயமாம். நான் போனை எடுத்தேன்.

"மேடம், தோத்தவங்களுக்கு மறுபடி தேதி குடுக்கிறதுதான் என் உத்தியோகம். உங்களுக்கு வியாழக்கிழமை குடுத்திருக்கேன். போய்க் குடுத்துட்டு வந்து எனக்குச் சொல்லுங்க" என்று சொல்லி, அவர் மன்னிப்புக் கேட்பதற்குள் வைத்துவிட்டேன்.

வியாழக்கிழமை போய்க் கொடுத்தார். கிடைத்தது.

அதற்குப் பிறகு அந்த ஒத்திகைக் கூடத்தின் ஜன்னல்கள் மூடி நான் பார்க்கவில்லை. மாணவர்கள் மட்டுமல்ல, மருந்துக்கடையில் கதவு தூக்குகிற ஆள், பஸ் கண்டக்டர், துணி தேய்க்கிற அக்கா என்று தெருவிலிருந்தும் குரல்களைப் பிடித்துப்போட்டிருந்தார் மேடம். எதிர்வரிசையில் இருந்த எங்களுக்குத் துண்டு துண்டாகக் காதில் விழும். ஒருநாள் ஆகா என்றிருக்கும், மறுநாள் சந்தைக்கடையாக இருக்கும். ஒருநாள் மேடம் அழுதுகொண்டே வந்து, மொத்தத்தையும் கலைத்துவிட்டேன் என்றார். கலைக்கத்தானே காசு என்று அண்ணி டீ கொடுத்து அனுப்பினாள். நடுவே வண்டிப் பயிற்சியும் நடந்தது. வண்டி இன்னும் தண்ணீர்த் தொட்டியில்தான் நின்றது. சேருகிற இடத்தை மட்டும் அவர் வண்டியில் முனகவே இல்லை. அது வந்துவிட்டதா என்று கேட்க எங்களுக்கும் தைரியம் இல்லை.

கல்வியாண்டு முடிகிற சமயத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அரங்கேற்றம் வைத்தார்கள். தெரு விழிக்கிற பாட்டு அல்லவா, காலையில்தான் பாட வேண்டும் என்று மேடம் பிடிவாதம். பெரிய அரங்கம் நிறைந்துவிட்டது. முன்வரிசையில் அண்ணன், அண்ணி, நான். அண்ணியின் காலுக்குக் கீழே யாராவது கோப்பை வைத்திருக்கிறார்களா என்று முதலில் குனிந்து பார்த்துக்கொண்டேன். பெஞ்சுத் தம்பி போட்டோக்காரரோடு ஓரமாக நின்றிருந்தான்.

மேடம் வந்தார். கொண்டையில் பென்சில். கையைத் தூக்கினார்.

கடைக் கதவு தூக்குகிற குரல் முதலில் வந்தது. பிறகு குழாயடி, பிறகு ஓடுகிறவர். எனக்குத் தெரிந்த மெட்டுதான், ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆள் முளைத்து நின்றபோது உடம்பு சிலிர்த்தது. பின்வாசல் போயிற்று, வங்கி போயிற்று, மருந்துக்கடை முனையில் திரும்பியாயிற்று.  தண்ணீர்த் தொட்டி வந்துகொண்டிருந்தது. அண்ணியைப் பார்த்தேன். அவளுடைய கால் மெல்ல எழுந்து, சரியாக அந்த இடத்தில், தரையை அழுத்தியது.

மேடத்தின் கை அந்தரத்தில் நின்றது. எல்லாக் குரலும் நின்றன.  போச்சு, இங்கேயும் நின்றுவிட்டது என்று என் உயிரே போய்விட்டது.

கை இறங்கியது. அத்தனை குரலும் ஒன்றாகப் புறப்பட்டன. எப்படிச் சொல்வது? பூட்டியிருந்த தெருவில் எல்லா வீட்டுக் கதவும் ஒரே நேரத்தில் திறந்தது. கண்டக்டரின் குரலும் துணி தேய்க்கிற அக்காவின் குரலும் எங்கே பிரிகின்றன என்று தெரியவில்லை. தொட்டியைத் தாண்டி, நாங்கள் யாரும் போயிராத தெருக்களுக்குள் அந்தப் பாட்டு போய்க்கொண்டே இருந்தது. அண்ணியின் கால் கொஞ்ச நேரம் அழுத்தியபடியே இருந்தது. பிறகு, கிளட்சை எப்படி விட வேண்டும் என்று இத்தனை காலமும் சொல்லிக்கொடுத்தாளோ அப்படி, மெல்ல மெல்ல மேலே வந்தது. அவள் அழுதுகொண்டிருந்தாள். நானும்தான்.

முடிந்ததும் மொத்த அரங்கமும் எழுந்து நின்று கைதட்டியது. கைதட்டல் ஓயவே இல்லை. மேடம் கூட்டத்தைப் பார்த்துக் கும்பிட்டார், வாயசைவைப் பார்த்தால் மன்னிப்புத்தான் கேட்டிருப்பார் போலிருக்கிறது. அண்ணன் என் பக்கம் திரும்பி, இந்தப் பாட்டு இப்படிப் போகும் என்று தெரிந்திருந்தால் இன்னும் எத்தனை கிளட்ச் வேண்டுமானாலும் எரித்துக்கொள்ளுங்கள் என்று அவர்களிடம் சொல்லியிருப்பேனே என்றார். நீளமான வாக்கியத்தில் அவருடைய பழைய சாதனை அன்றைக்கு முறிந்தது.

பதிவாளர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். கண் சிவந்திருந்தது. அண்ணியின் அருகில் குனிந்து, ஒருமுறை மறுக்கப்பட்டவர்கள் யார் வேண்டுமானாலும் அந்த நிதிக்கு விண்ணப்பிக்கலாம் அல்லவா, பதிவாளர் நாற்காலியைவிட்டு இறங்கி வந்து கேட்டால் கிடைக்குமா என்று சின்னப் பையனைப் போலக் கேட்டார். தேதியெல்லாம் இவளிடம்தான் என்று அண்ணி என்னைக் கைகாட்டினாள்.

வீட்டுக்குக் கிளம்பும்போது மேடம் ஓடி வந்து, பயிற்சி வண்டியைத் தானே ஓட்டுவதாகச் சொன்னார். மறுநாள் அவருக்கு ஓட்டுநர் தேர்வு. பாராட்ட வந்தவர்களையெல்லாம் அப்படியே விட்டுவிட்டு ஏறி உட்கார்ந்தார். பக்கத்து இருக்கையில் அண்ணி, பின்னால் அண்ணனும் நானும். வண்டி கிளம்பியது, மேடம் முனக ஆரம்பித்தார். வங்கி, மருந்துக்கடை, திருப்பம். எதிரே தண்ணீர்த் தொட்டி. நாற்சந்தியில் நல்ல கூட்டம், ஒரு லாரி வேறு வந்துகொண்டிருந்தது. மேடம் அது போகட்டும் என்று அழகாக நிறுத்தி, முனகலை விடாமல், சேருகிற இடத்தை வாய்விட்டுப் பாடிக்கொண்டே மறுபடி எடுத்து நாற்சந்தியைத் தாண்டினார். ஒரு குலுக்கல் இல்லை.

நான் பயந்துபோய் அண்ணியின் காலை எட்டிப் பார்த்தேன். அவள் இரண்டு காலையும் மடக்கி இருக்கையின்மேல் வைத்து, சம்மணம் போட்டு உட்கார்ந்து, கூடச் சேர்ந்து பாடிக்கொண்டிருந்தாள். பின்னால் உட்கார்ந்து, பல்லைக் கடித்துக்கொண்டு, பலங்கொண்ட மட்டும் தரையை அழுத்திக்கொண்டிருந்தது நான்.